காருக்குள் வாடை, கடை சென்ட் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டிலேயே என்ன செய்யலாம்? (அவசரம்)

சிவகிரிக்காரன் | வியாழன், இரவு 9:12
எல்லோருக்கும் வணக்கம். கார் உள்ளே ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. ஞாயிறு காலையில் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். கடையில் விற்கிற ஜெல், கண்ணாடியில் தொங்கவிடுகிற அட்டை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, அம்மாவுக்கு உடனே தலைவலி வந்துவிடுகிறது. இயற்கையாக, வீட்டுச் சாமானை வைத்தே செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க. எலுமிச்சை, சோடா உப்பு என்று வீடியோ நிறைய வருகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை. இப்போதே சொன்னால் நாளைக்கு ஈரோடு போகும்போது வாங்கி வந்துவிடுவேன்.

மேட்டுப்பாளையம் அக்கா | இரவு 9:20
தம்பி, வெட்டிவேர்தான். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு கேளுங்க. மண் ஒட்டியிருக்கும், நன்றாக அலசி நிழலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்க. வாசம் குறைந்தால் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், திரும்ப எழும்பும். சென்ட் மாதிரி மண்டைக்கு ஏறாது. எங்கள் வீட்டு வண்டியில் வேறு எதுவும் வைப்பதில்லை.

சூலூர் ஏசி கடை | இரவு 9:26
என்ன வண்டிங்க? எந்த வருஷம்? முக்கியமாக, என்ன வாடை? புளிச்ச வாடையா, ஈரத்துணி வாடையா, செத்த எலியா, இனிப்பு வாடையா, டீசல் வாடையா? ஏசி போட்டதும் வருகிறதா, வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்ததும் வருகிறதா? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

உடுமலை ரைடர் | இரவு 9:31
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். சாமிக்கு ஏற்றுகிற கற்பூரம் நாலு கட்டி, சின்ன டப்பாவில் போட்டு மூடியில் ஓட்டை குத்தி ஏசி வென்ட் முன்னால் வையுங்க. 

ஆனைமலை ஏலம் | இரவு 9:38
எலுமிச்சைத் தோல், கிராம்பு, பட்டை மூன்றையும் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் லெமன்கிராஸ் தைலம் பத்துச் சொட்டு விட்டு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி சீட்டெல்லாம் அடித்துவிடுங்க. ஊட்டி போனால் தைலம் எந்தக் கடையிலும் கிடைக்கும். செலவே இல்லை.

கோபி வயல் | இரவு 9:45
அம்மாவோடு வேறு யார் வருகிறார்கள்? கைக்குழந்தை, மாசமாக இருப்பவர்கள் யாராவது உண்டா? அதைப் பொறுத்துத்தான் தைலம், கற்பூரம் எல்லாம்.

பழைய கோவை | இரவு 10:03
கார் வாடை பற்றி இங்கே எத்தனையோ முறை பேசியாயிற்று. புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் தேடிப் பார்த்திருந்தால் பாதிக் கேள்வி மிச்சம். சரி, பதில் சொன்னவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தைலம் தண்ணீரில் கரையாது. ஆனைமலை ஏலம் சொல்கிற பாட்டிலில் தைலம் மேலேயே மிதக்கும். அப்படியே அடித்தால் ஒரு இடத்தில் வெறும் தண்ணீர், இன்னொரு இடத்தில் சுத்தமான தைலம் விழும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீன் என்ற பொருள் இருக்கிறது. தெர்மாகோலையே கரைக்கக்கூடியது அது. டேஷ்போர்டு, கதவுப் பிளாஸ்டிக் மீது நேராகப் பட்டால் பளபளப்பு போய் பிசுபிசுப்பு வரலாம். கொதிக்கவைத்த தோல் தண்ணீரைத் துணி சீட்டில் அடித்தால் அதுவே பூஞ்சைக்குத் தீனி.

கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், சூட்டில் அப்படியே ஆவியாகிறதும் அதுதான். வெளியே 35 டிகிரி என்றால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50-ஐத் தாண்டும், டேஷ்போர்டு அதைவிடச் சூடு. டப்பாவைத் திறக்கும்போது கட்டி இளைத்திருக்கும். இத்தனை ஆவியையும் தலைவலிக்காரர் ஒருவர் மூடிய வண்டியில் இழுக்க வேண்டும் என்கிறீர்கள்.

உடுமலை ரைடர் | இரவு 10:10
நாங்கள் காலங்காலமாக வைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. படித்துவிட்டால் எல்லாம் தப்பாகத்தான் தெரியும்.

காங்கேயம் தொட்டி | இரவு 10:24
வாசம் சேர்ப்பது வேறு, வாடையை எடுப்பது வேறு. எடுப்பதற்குக் கரிதான். அடுப்புக்கரி இல்லை, தேங்காய்த் தொட்டியில், அதாவது கொட்டாங்குச்சியில் செய்கிற ஆக்டிவேட்டட் கார்பன். எங்கள் பக்கம்தான் நிறையத் தயாராகிறது. தொட்டிக்கரியை நீராவி விட்டு 800, 900 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் விழும். ஒரு கிராம் கரிக்குள்ளே இருக்கிற பரப்பை விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம். வாடை அதில் போய் ஒட்டிக்கொள்ளும். கால் கிலோ வாங்கி இரண்டு பருத்திப் பைகளில் கட்டி, சீட்டுக்கு அடியில் ஒன்று, டிக்கியில் ஒன்று வையுங்க. அம்மாவுக்கும் தொந்தரவு இல்லை, கரிக்கென்று ஒரு வாசமும் கிடையாது. தூள் வேண்டாம், குருணையாகக் கேட்டு வாங்குங்க. தூள் துணி வழியாகக் கசிந்து சீட்டைக் கருப்பாக்கிவிடும்.

வெள்ளகோவில் தோட்டம் | இரவு 10:41
கரி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை இயற்கை என்று சொல்லும்போது வயிறு எரிகிறது. எங்கள் தோட்டத்துக்கு மேல்காட்டில் தொட்டி சுடுகிறார்கள். குழியில் போட்டு மூட்டிவிட்டு ராத்திரியெல்லாம் புகை. அணைக்க ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் இறங்கி, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உங்கள் கார் மணக்க எங்கள் ஊர் நாற வேண்டுமா?

காங்கேயம் தொட்டி | இரவு 10:50
அண்ணா, குழியில் சுடுவது தப்பு என்று நானே எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். புகையைப் பிடித்து அதையே எரித்து, அந்தச் சூட்டைப் பயன்படுத்துகிற மூடிய சூளைகள் இருக்கின்றன. செலவு என்று சிலர் போடுவதில்லை. அதற்காகக் கரியே வேண்டாம் என்றால் எப்படிங்க? உங்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே தொட்டிக்கரிதான்.

வெள்ளகோவில் தோட்டம் | இரவு 10:58
கிணறு கெட்டதால்தானே ஃபில்டர் வாங்கினோம். சுடுகிறவர் லாபம் பார்க்கிறார், ஃபில்டருக்கு நான் காசு கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் எப்படிச் சுட்டது என்று ஒரு வார்த்தை கேட்க ஆரம்பித்தால் குழி தானாக மூடும். அதற்குத்தான் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் அக்கா | இரவு 11:05
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி கேட்டது ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன செய்வது என்று. கரி பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்க, நானும் வருகிறேன்.

பழைய கோவை | இரவு 11:09
கேட்டவர் வாடை என்னவென்றே இன்னும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவும். இரண்டு வரி கூடுதலாக எழுத முடியாதவருக்கு இருபது பேர் உட்கார்ந்து யோசிக்கிறோம்.

சத்தி பூக்காரர் | வெள்ளி, காலை 6:15
பூ பறித்துவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். மல்லிகை வைக்கச் சொல்லி யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வைக்க வேண்டாம். நான் விற்கிற சரக்குதான், இருந்தாலும் மூடிய வண்டியில் மதியத்துக்குள் வாடிவிடும். வாடிய பூவின் வாசம் கனத்துப்போய் வயிற்றைப் பிரட்டும், அதுவும் மலை ஏறும்போது. பூ வேண்டும் என்றால் மரிக்கொழுந்து நாலு கொத்து. காய்ந்தாலும் வாசம் நிற்கும், கெட்ட வாடையாக மாறாது.

சிவகிரிக்காரன் | வெள்ளி, பகல் 1:40
எல்லோருக்கும் நன்றி. வேலையில் இருந்தேன். டீசல் வண்டி, 2016 மாடல். ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை, கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். வெயிலில் நிறுத்தினால் பின்பக்கம் புளிச்ச வாடை. சொசைட்டிக்குப் பால் கேன் சில நாள் டிக்கியில்தான் போகும். என் அக்கா குழந்தை வருகிறாள், 2 வயசு. கரி, வெட்டிவேர் இரண்டும் வாங்கிவிட்டேன்.

கோபி வயல் | பகல் 1:52
2 வயசுக் குழந்தை என்றால் கற்பூரத்தை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாதுங்க. மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்கிற வயசு. கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். நீலகிரித் தைலப் பாட்டிலும் அப்படித்தான், கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். அந்துருண்டை வைக்கச் சொல்லி யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், குழந்தைக்கு ஆகாது.

உடுமலை ரைடர் | பகல் 2:05
குழந்தை இருக்கிறது என்றால் நானும் கற்பூரம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சூலூர் ஏசி கடை | பகல் 2:20
இப்போது பேசலாம். உங்களுக்கு இருப்பது இரண்டு வாடை, இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

முதலில் பால். கேன் தளும்பிப் பால் டிக்கி விரிப்புக்குக் கீழே போயிருக்கும். அந்த விரிப்பைத் தூக்குங்க, ஸ்டெப்னியையும் வெளியே எடுங்க. அந்தக் குழியில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்க, பிசுபிசு என்று மஞ்சளாக ஒட்டினால் அதுதான். பால் கொழுப்பு கெடும்போது பியூட்ரிக் அமிலம் வரும், கெட்டுப்போன வெண்ணெயில் அடிக்கிற வாடை. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், பால் புரதம் வெந்து விரிப்பின் நாரோடு ஒட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைம் உள்ள துணி சோப்புத்தூள் கரைத்து ஊறவிட்டுத் தேய்க்கணும். சோப்பு வேண்டாம் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீர், பிசுக்கு எடுக்கும், இரண்டு முறை தேய்க்க வேண்டியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு சோடா உப்பைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் பிடியுங்க. சோடா உப்பு அமில வாடையைத்தான் பிடிக்கும், அதனால் இங்கே அது சரியான மருந்து. வீடியோவில் சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்து நுரை காட்டுவார்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்கிற நுரை அது, இரண்டின் வேலையும் போச்சு.

அடுத்து ஏசி. கூலிங் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச்சுருள், எப்போதும் ஈரமாக இருப்பதால் பூஞ்சை பிடிக்கும். வண்டியை நிறுத்துவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயர் விசிறியை ஓடவிடுங்க, அந்தச் சுருள் காய்ந்துவிடும். தினமும் செய்யணும். கேபின் ஃபில்டர், அதாவது வண்டிக்குள் வருகிற காற்றை வடிகட்டுவது, பெரும்பாலான வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு பக்கமும் அமுக்கிப் பெட்டியை இறக்கினால் கையிலேயே கழற்றலாம். இலை, தூசி, சில வண்டிகளில் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சுகூட இருக்கும். காகித ஃபில்டரைக் கழுவாதீர்கள், மாற்றிவிடுங்க. முன்சீட்டுக் கால் மிதியடியைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் ஏசித் தண்ணீர் வெளியேறுகிற பைப் அடைத்திருக்கு.

இதையெல்லாம் செய்யாமல் வெட்டிவேர் வைத்தால், வெட்டிவேரும் புளிச்ச பாலும் சேர்ந்து அடிக்கும்.

ஆனைமலை ஏலம் | பகல் 2:48
தைலம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. எண்ணெய் படாத புது மண் அகலில் இரண்டு சொட்டு விடுங்க. மண் உறிஞ்சிக்கொண்டு மெதுவாக விடும், பிளாஸ்டிக்கில் படாது. ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம், குழந்தை இருக்கிறது. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளுங்க.

பழைய கோவை | பகல் 3:10
சூலூர்காரர் சொன்னதே முழு பதில். கரி பற்றி ஒன்று மட்டும். வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்று சொல்வார்கள். ஈரம் போகும், பிடித்த வாடை முழுக்க இறங்காது. சில மாதம் வைத்துவிட்டுச் செடிக்குக் கொட்டிவிடுங்கள்.

வெள்ளகோவில் தோட்டம் | பகல் 3:22
வாங்கிய கடையில் எங்கே சுட்ட கரி என்று கேட்டீர்களா தம்பி?

மேட்டுப்பாளையம் அக்கா | பகல் 3:30
வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. ஆழியார் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்க. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துத் தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க, போனைப் பார்க்க வேண்டாம். ஒரு துண்டு இஞ்சி உப்பில் தோய்த்துக் கையில் இருக்கட்டும். வெட்டிவேரை அதிகம் நனைக்காதீர்கள், லேசாக இருந்தால் போதும். குமட்டுகிறவர்களுக்கு எந்த வாசமும் குறைவாக இருப்பதுதான் நல்லது.

சிவகிரிக்காரன் | சனி, இரவு 8:55
ஸ்டெப்னிக் குழியில் பால் உறைந்து கிடந்தது. கழுவிக் காயவைத்து சோடா உப்பு போட்டோம். புளிச்ச வாடை இல்லை. ஃபில்டர் ஈரோட்டில் மாற்றியாச்சு, பழையதில் ஒரு கைப்பிடி வேப்பிலை. ஏசி வாடை முக்கால்வாசி குறைந்திருக்கிறது. அம்மா ஒரு ரவுண்டு உட்கார்ந்து பார்த்தார்கள், தலைவலி இல்லை. கரி எங்கே சுட்டது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. காலையில் கிளம்புகிறோம்.

சூலூர் ஏசி கடை | சனி, இரவு 9:04
மிச்ச கால்வாசி காயிலில் இருக்கு. வந்ததும் ஒரு நல்ல கடையில் காயிலைக் கழுவச் சொல்லுங்க. பால் கேனுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு வையுங்க, அலுமினியத் தாம்பாளம் போதும்.