காமன்கூத்துப் பாட்டு 6, மிக்ஸ் 3: ஐ.எஸ்.ஆர்.சி எத்தனை?

ஹட்டன்_கூத்து:
தோட்டத்துக் காமன்கூத்துப் பாட்டு 6. ஒவ்வொண்ணும் மூணு வடிவம்: முழுசு, வானொலிக்குச் சுருக்கினது, குரல் இல்லாம தப்பு மேளம் மட்டும். வேவ், எம்பி3 ரெண்டு வகைக் கோப்பும் இருக்கு. பதிஞ்சது 2019, வெளிவர்றது இப்பதான். எத்தனை ஐ.எஸ்.ஆர்.சி கோடு (ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கிற அடையாள எண்) வேணும்? கோட்டுக்குள்ள வருஷம் வர்ற இடத்தில 19னு போடணுமா?

பதுளை_மிக்ஸ்:
18. கேட்கிறதுக்கு வேறயா இருந்தா வேற கோடு. வேவ், எம்பி3, இறுவட்டுனு கோப்பு வகை மட்டும் மாறினா கோடு மாறாது.

ஒரு கோட்டுல மொத்தம் 12 இடம். முதல் 5 முன்னொட்டு (2 எழுத்து, பிறகு எழுத்தோ இலக்கமோ 3), அடுத்த 2 வருஷம், கடைசி 5 வரிசை எண். அந்த வருஷம் கோடு கொடுத்த வருஷம், பதிஞ்சது இல்ல. அதனால 19 போடாதீங்க. நடுவுல வர்ற இணைப்புக்குறி (-) கண்ணுக்கு வசதிக்குத்தான், படிவத்தில கேட்டா எடுத்துடுங்க. முன்னொட்டைப் பார்த்து எந்த நாட்டுப் பாட்டு, யாருக்குச் சொந்தம்னு சொல்லவும் முடியாது.

ஒரு முன்னொட்டுக்கு வருஷத்துக்கு 1,00,000 எண் கிடைக்கும். 6 பாட்டுக்குச் சொந்த முன்னொட்டு வாங்கி என்ன செய்யப் போறீங்க? பாட்டை வெளியிட்டுத் தர்ற விநியோகஸ்தர் தர்ற கோடே போதும்.

தேயிலை_ஒலி:
அண்ணே சொன்னது சரி. அடிக்கடி கெடுறது எக்செல்லிலதான். வரிசை எண்ணைத் தனி நிரலில வச்சா 00042 வெறும் 42 ஆயிடும். நிரலை முதல்லயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்க. கடைசி 7 இடமும் இலக்கம்தான், அங்க ஆங்கில 'ஓ' எழுத்து விழுந்தா சுழியமா மாத்துங்க.

நாளைக்கு விநியோகஸ்தரை மாத்தினா படிவத்தில ஐ.எஸ்.ஆர்.சி பெட்டியில பழைய கோட்டையே கையால போடுங்க. அந்தப் பெட்டியை வெறுமையா விட்டா புதுசு ஒண்ணு ஒட்டிடுவாங்க, ஒரே பதிவுக்கு ரெண்டு கோடு ஆகி கேட்ட கணக்கு பிரிஞ்சுடும்.

கோடு ஒலிக்குள்ள இருக்காது. எம்பி3ல ஐடி3 குறிச்சொல்லில (கோப்போட ஒட்டியிருக்கிற தகவல் பகுதி) இருக்கும், மாத்தி மாத்திச் சேமிச்சா போயிடலாம். இறுவட்டுக்குன்னா மாஸ்டரிங்லயே பதியணும், அச்சடிக்கிற இடத்துக்குப் பட்டியலை முன்கூட்டியே அனுப்புங்க.

ஹட்டன்_கூத்து:
யூடியூப் வீடியோவுக்கு? பழைய கெசட் ஒண்ணும் இருக்கு, வெளிவராதது.

பதுளை_மிக்ஸ்:
வீடியோவுக்குத் தனிக் கோடு, ஒலிக்குக் கொடுத்ததைப் போடாதீங்க. கெசட் வெளிவரலைன்னா அதில இருக்கிற ஒவ்வொரு பதிவுக்கும் இப்ப முதல் தடவையா ஒரு கோடு. முன்னாடியே கோடு இருந்த பதிவுன்னா, சும்மா கணினிக்கு ஏத்தினதுக்கு அதே கோடுதான். இரைச்சல் நீக்கி முழுசா மீட்டெடுத்தா புதுசு.

நுவரெலியா_தப்பு:
ஒண்ணு கவனம். இது பதிவோட அடையாளம் மட்டும்தான், உரிமைப் பத்திரம் இல்ல. பாட்டோட இயற்றலுக்கு இருக்கிற எண் வேற, அது ஐ.எஸ்.டபிள்யூ.சி. முழு ஆல்பத்துக்கு பார்கோடு எண். காமன்கூத்து மரபுப் பாட்டுன்னா இயற்றியவர் பெட்டியில பாடகர் பேரைப் போடாம 'மரபு'ன்னு எழுதுங்க.