வளர்ப்புக் கூடாரத்தில் வெப்பம் குறையவில்லை: விளக்கை மாற்றுவதா, விசிறியை மாற்றுவதா?

அறைக்குள் வைத்துள்ள சிறிய வளர்ப்புக் கூடாரத்தில் மிளகாய்ச் செடிகளின் மொட்டுகள் விரியும் முன்பே உதிர்ந்துவிடுகின்றன. மேல் இலைகளின் ஓரங்களும் மேல்நோக்கிச் சுருள்கின்றன. கோடை தொடங்கியதிலிருந்து இதே நிலைதான்.

கூடாரத்தின் அளவு 60×60×140 செ.மீ. விளக்கு, ஒளியளவைக் குறைக்கும் வசதியுள்ள 100 வாட் எல்இடி பலகை. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிகிறது. மேல்புறத்தில் 4 அங்குல வெளியேற்று விசிறியும் கரி வடிகட்டியும் உள்ளன. அறை 29 பாகை செல்சியசில் இருக்கும்போது செடிகளின் உச்சியில் 34 பாகை காட்டுகிறது.

விளக்கை உயர்த்திப் பார்த்தேன். இலைச் சுருளல் சற்றுத் தணிந்ததே தவிர வெப்பம் மாறவில்லை. விளக்கு உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கூடாரத்துக்குள்ளேயே வெப்பமாக மாறுவதால் அது இயல்பே என்று கருதுகிறேன். ஒளியை 60 விழுக்காடாகக் குறைத்தபோது வெப்பம் 32 பாகைக்கு இறங்கியது, ஆனால் கணுக்களின் இடைவெளி நீண்டு மொட்டுகளே அரிதாயின. விளக்கை இரவில் எரியவிட்டதிலும், அதன் மின்வழங்கியை வெளியே மாற்றியதிலும் ஓரிரு பாகைதான் குறைந்தது. அறைக்குக் குளிர்சாதனம் பொருத்த இயலாது.

விசிறியின் காற்றோட்டத்தை வடிகட்டியும் வளைந்த குழாயும் பெரிதும் தடுக்கின்றனவோ என்பதே என் முதன்மையான ஐயம். இந்த அளவுக் கூடாரத்தில் மிளகாய் காய்க்க, 6 அங்குல விசிறிக்கு மாறுவது பயன் தருமா, அல்லது அதே ஒளியைக் குறைந்த வாட்டில் தரும் திறன்மிகு விளக்கை முதலில் வாங்க வேண்டுமா?