மாசியில் ஊன்றிய பந்தல் அவரை ஆடியாகியும் பூக்கவில்லை: பிடுங்கிவிடலாமா?

குடமுருட்டிக்கரை கேட்டது:
திருவையாற்றுக்கு அருகே, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பந்தலில் மாசி மாதம் ஏற்றிய அவரைக்கொடி, உள்ளங்கை அகல இலைகளாக விட்டுக் கூரை முழுவதும் படர்ந்திருக்கிறதே தவிர, ஆடி பிறந்த பின்னும் ஒரு பூங்கொத்துகூட எட்டிப்பார்க்கவில்லை. தொழுவுரத்துக்குக் குறைவே வைக்கவில்லை. மலட்டு விதை, பிடுங்கிவிடுங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அப்படிப் பிடுங்கினால் கொடியைப் பசுவுக்குப் போடலாமா? வாசல் கம்பிக்கதவின் மேல் அழகுக்கு எந்தக் கொடியை ஏற்றலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:
ஐயா, தயவுசெய்து பிடுங்காதீர்கள். விதையில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை, விதைக்கும் பட்டம்தான் மாறியிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய பந்தல் அவரையும் மொச்சையும் பகற்பொழுது குறையும்போதுதான் பூக்கும் இயல்புடையவை. தஞ்சைப் பகுதியில் ஜூன் கடைசியில் ஏறத்தாழ 12¾ மணி நேரமாக இருக்கும் பகல், டிசம்பரில் 11½ மணியளவுக்கு இறங்குகிறது. இந்த ஒன்றேகால் மணி வேறுபாடு நமக்குப் பெரிதாகப் படாவிட்டாலும், கொடி அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் மொட்டு வைக்கிறது. ஆடியில் ஊன்றியவன் பொங்கல் குழம்புக்குப் பச்சை மொச்சை உரிப்பதும் இதனால்தான். எந்தப் பட்டத்திலும் காய் வேண்டுமென்றால் பந்தல் வேண்டாத குத்துச்செடியான குத்தவரை ரகங்களை நாட வேண்டும்.

உரத்தையும் நிறுத்திவிடுங்கள். ஓரமாக ஒரு பக்கவேரைத் தோண்டிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) கொடி தானே பிடித்துக்கொள்கிறது என்று பொருள். அதற்கு மேலும் கொட்டுவது இலையைத்தான் பெருக்கும்.

கொட்டகைவாசி எழுதியது:
இலை பெருகியது மாட்டுக்கு நல்லதாயிற்று. அவரைத்தழை புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனம். வெறும் வைக்கோலில் இல்லாதது இதில் இருக்கிறது. ஆவணி வரை நுனிக்கொடிகளை அறுத்துப் போடலாம். அதன்பின் கத்தி வைத்தால் பூக்க வேண்டிய கிளைகளை இழப்பீர்கள். பனி ஈரத்தோடு, வெறும் வயிற்றில் மிகுதியாகத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பக்கூடும். ஆகவே சற்று வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து கொடுங்கள்.

ஐப்பசி மழையில் தூரில் தண்ணீர் தேங்காமல் இப்போதே மண் அணைத்துவிடுங்கள்.

பூந்தோட்டத்தாள் எழுதியது:
வாசலுக்குச் சங்குப்பூவைச் சொல்வேன். நீலமும் வெள்ளையும் கலந்து ஏற்றினால் பூசைக்கும் ஆகும். கழித்த தழையையும் மாடு விரும்பித் தின்னும். விதைத்தோல் கடினமானதால், சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள். ஊதாப் பூவும் செங்கருநீலக் காயும் உடைய அவரையே போதுமென்றாலும் தவறில்லை. வெளிநாடுகளில் அதை அழகுக்காகவே வளர்க்கிறார்கள்.

தம்பட்டங்காய் எனப்படும் வாளவரையை மட்டும் யோசித்து ஏற்றுங்கள். பிஞ்சைச் சமைக்கலாம்; முற்றிய விதை பச்சையாக நச்சுத்தன்மை உடையதாகையால், பிள்ளைகளும் கன்றும் நடமாடும் வாசலுக்கு அது ஏற்றதன்று.

குடமுருட்டிக்கரை எழுதியது:
மிக்க நன்றி. பிடுங்கப் போவதில்லை. தையில் காய்கள் முற்றி உலர்ந்துவிட்டால் விதையைச் சமைக்கலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:
தாராளமாகச் சமைக்கலாம். உலர்ந்த விதையில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் இருப்பதால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, வெந்த நீரையும் வடித்துவிடுங்கள். விதைக்கென்று நல்ல காய்களைக் கொடியிலேயே உலரவிட்டு, சாம்பலில் புரட்டி வைத்துக்கொண்டால் அடுத்த ஆடிக்கு ஆகும்.