புதுப்பேட்டையில் வாங்கிய ஹெரால்டு

மேற்கு மாம்பலம், ஹெரால்டு மார்க் 3

நம் பழைய கார் கிளப் எப்படி ஆரம்பித்தது என்று போன ஞாயிறு மெரினா காந்தி சிலை பக்கத்தில் ஒரு தம்பி கேட்டான். ஆளுக்கொரு பதில் சொன்னோம். கார் ராலியில் ஆரம்பித்தது என்றார் ஒருவர். சோழவரம் ரேஸ் பார்க்கப் போனவர்கள் சேர்ந்தது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. ஆரம்பித்த ஐந்து பேரில் இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம், அதனால் எழுதி வைக்கிறேன். விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆரம்பித்த இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கார் கம்பெனியில் 1988-இல் உற்பத்தி நின்றது. அவர்கள் செய்த ஹெரால்டு கார் அதற்கு வெகு முன்னாலேயே நின்றுபோய், அந்த இடத்துக்கு கஸல் என்ற கார் வந்திருந்தது. கம்பெனியும் மூடியதும் சாமான் வரத்து அடங்கிவிட்டது. அப்பாவின் ஹெரால்டுக்கு வாட்டர் பம்ப் கேட்டு நாலாவது முறையாகப் போய் நின்றேன். கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. "சார், நேத்து ஒருத்தர் இதையே கேட்டாரு. போன வாரம் ஒருத்தர். மூணு பேரும் சேர்ந்து ஒரு வண்டிய வாங்கிப் பிரிச்சுக்கங்களேன்" என்று சொல்லி, பில்லின் பின்பக்கம் இரண்டு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மூன்று பேர் ஐந்து பேரானோம். புதுப்பேட்டையில் இடித்து நசுங்கிய ஒரு ஹெரால்டு உடைக்க வந்திருப்பதாகத் தகவல் வந்தது. பின்பக்கம் போயிருந்தது, முன்பக்கம் முழுசாக இருந்தது. பணம் போட்டு வாங்கினோம்.

ஹெரால்டு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டியின் உடம்பு ஒரே வார்ப்பாக வெல்டிங் செய்தது இல்லை. 1950-களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு முழு பாடி செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அவர்களுக்கு பாடி செய்துகொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்து கொடுத்த வண்டியைத் துண்டு துண்டாகச் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரைகூடத் தனியாகக் கழன்று வரும். 1959-இல் அவர்களுக்கு வந்த அந்தக் கஷ்டம்தான் முப்பது நாற்பது வருடம் கழித்து நமக்குக் கைகொடுத்தது. வேறு கார் என்றால் இடித்த வண்டி வெறும் இரும்பு. ஹெரால்டு என்றால் நல்ல பாகம் எல்லாம் ஸ்பானருக்குக் கழன்று வரும், இன்னொரு வண்டியில் அப்படியே உட்காரும்.

மூன்று மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு நுங்கம்பாக்கம் வந்தோம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு என்பதால் அது மட்டும் ஒரு வண்டி முழுக்க, கவிழ்த்த படகு மாதிரி. கிரீம்ஸ் ரோட்டில் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டு காம்பவுண்டில் இறக்கிய பிறகுதான் சிக்கல். ஐந்து பேருக்கும் கியர் பாக்ஸ் வேண்டும். சீட்டுக் குலுக்கலாம் என்றோம். மூத்தவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒப்புக்கொள்ளவில்லை. "பங்கு போட்டா இன்னிக்கே முடிஞ்சிரும். யாருக்கு வண்டி நிக்குதோ அவங்க எடுத்துக்கட்டும். எடுத்தத எழுதி வைக்கட்டும்" என்றார். பேரன் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. முதல் வரி: "வலது கதவு, கண்ணாடி ஏற்றும் மிஷின்." எடுத்தவர் பெயர், தேதி, கையெழுத்து. அந்த நோட்டுதான் நம் கிளப்பின் முதல் ரெக்கார்டு. தலைவர், செயலாளர், பேனர், டீ-ஷர்ட் எல்லாம் அப்புறம் வந்தவை.

ஃபிட்டர் ஐயாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. ஸ்டாண்டர்டு கம்பெனி லைனில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலை குளித்து விபூதி இட்டுக்கொண்டு வருவார். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு, முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொள்வார். ஹெரால்டில் அப்படி உட்காரலாம், இன்ஜின் மடியில் இருக்கிற மாதிரி இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவர் மேல் வைத்து, பிடியைக் காது எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது லூஸ்" என்பார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான் லூஸாக இருக்கும்.

அவர் முதல் நாளே எங்களிடம் சொன்னது ட்ரனியன் பற்றி. முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் அடியில் இருக்கும் பித்தளைத் துண்டு அது. அதில் நிப்பிள் இருப்பதைப் பார்த்து எல்லோரும் கிரீஸ் அடிப்பார்கள். அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரை அடிவரை இறங்காது. தண்ணீர் புகுந்து, துருப்பிடித்து, ஒருநாள் மேலே வரும் வெர்டிகல் லிங்க் என்ற இரும்புத் தண்டு மரையிலேயே ஒடிந்துவிடும். நான் தலையாட்டிவிட்டு, அவசரத்துக்கு வேறு ஒரு ஒர்க் ஷாப்பில் சர்வீஸ் விட்டேன். அவர்கள் கிரீஸ் அடித்ததை நான் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, கத்திப்பாராவில் திரும்பும்போது இடது முன் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்தது. மெதுவாகப் போனதால் பிழைத்தோம், பின்சீட்டில் அம்மா இருந்தார். அன்று மாலை நோட்டில் ஒரு வரி: "இடது ட்ரனியன், வெர்டிகல் லிங்க்." புதுப்பேட்டை வண்டியில் இருந்த கடைசி ஜோடி அது.

*

திருவல்லிக்கேணி, ஹெரால்டு மார்க் 2

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐயா ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்கிறது அப்படியே கண்ணில் நிற்கிறது.

நான் கார் ஓட்டக் கற்றது அப்பாவின் ஹெரால்டில், பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி இருக்கும் சந்துகளில். 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பும் வண்டி அது. தேர் வரும் நாளில் பாதையை அடைத்துவிட்டார்கள் என்றால் அம்பாசடர்காரர்கள் தெரு முனைவரை ரிவர்ஸில் போவார்கள். நான் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரே வீச்சில் திரும்பிவிடுவேன். பூக்கடை அம்மா, "பொண்ணு ஆட்டோ மாதிரி திருப்புது பாரு" என்பார்.

கிளப் வரலாறு என்பதால் இதையும் பதிவு செய்கிறேன், கோபத்தில் இல்லை. வண்டி என் பெயரில் இருந்தது. ஆனால் முதல் நான்கைந்து வருடம் அழைப்பு என் கணவர் பெயருக்குத்தான் வந்தது. அவருக்கு ஓட்டவே தெரியாது. ஞாயிறு ஓட்டத்தில் என்னை எல்லோரும் பக்கத்து சீட்டுக்கு வழிகாட்டினார்கள். பெண்களுக்கு டிபன் பொறுப்பு. ஒருநாள் முட்டுக்காடு போகும் வழியில் என் வண்டிக்கு பெட்ரோல் ஏறவில்லை. நான் இறங்கி, பம்பின் மேல் கப்பைக் கழற்றி, வடிகட்டியை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். சுற்றி நின்றவர்களில் ஃபிட்டர் ஐயா மட்டும் ஒன்றும் சொல்லாமல் துடைக்கத் துணி நீட்டினார். அடுத்த வாரம் நோட்டில் என் பெயரை அவரே எழுதச் சொன்னார். என் பெயர் 31-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், முட்டுக்காடு ஓட்டத்துக்கும் அவர்தான் காரணம். நிறுத்தி வைத்த வண்டியை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது அதற்குக் கெடுதல் என்பார். இன்ஜின் முழுக்கச் சூடாகாமல் அணைத்தால் உள்ளே கூடும் ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும். வெளியே எடுத்தால் இருபது கிலோமீட்டராவது ஓட்டு என்பார். அதனால்தான் கடற்கரையில் கூடியதோடு கலையாமல் ஈ.சி.ஆர். போக ஆரம்பித்தோம்.

*

ஜாபர்கான்பேட்டை, அம்பாசடர் மார்க் 2

ஹெரால்டு இல்லாத என்னைச் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம். மற்ற வண்டிகளும் வரலாம் என்று முடிவானபோது நிறைய விவாதம் நடந்தது என்று கேள்வி. நான் 2015 வெள்ளத்தைச் சொல்கிறேன்.

டிசம்பர் 1 ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. மாடியில் இருந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தேன், அம்பாசடரின் கூரை மட்டும் தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கினால், டேஷ் போர்டுவரை சேறு. சாவியை எடுத்துக்கொண்டு போனேன், ஒருமுறை ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம் என்ற நப்பாசை. அதே நேரம் போன் லைன் கிடைத்தது, மாம்பலம் அண்ணன். "சாவி போடாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டுங்க. நாங்க வர்றோம்." சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது சுழற்றினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலும் தண்ணீர். முதலில் வீட்டைக் கழுவினார்கள், அப்புறம்தான் வண்டி. நான்கு ப்ளக்கையும் கழற்றி, முன்னால் ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றினோம். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீறிட்டு ஃபயர்வால் மேல் அடித்தது. சம்ப் ஆயிலைத் திறந்தால் டிகிரி காபி நிறத்தில் ஒரு திரவம். சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊறவிட்டோம். மூன்று முறை ஆயில் மாற்றி, கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் வடித்து, டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் வெயிலில் காய வைத்தோம். சரியாகப் பதினோராம் நாள் இன்ஜின் பிடித்தது. எதிர்வீட்டு இரண்டு புதுக் கார்களையும் இன்சூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் என்று தூக்கிப் போனார்கள், அவற்றுக்குள் இருந்த கம்ப்யூட்டர் பெட்டிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சீட் மட்டும் காப்பாற்ற முடியவில்லை. தேங்காய் நார் அழுகிப்போச்சு.

*

மடிப்பாக்கம், ஃபியட் 1100

வணக்கம். காந்தி சிலையில் கேள்வி கேட்ட தம்பி நான்தான். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, நன்றி.

தாத்தாவின் 1967 ஃபியட்டை இந்த வருடம்தான் எடுத்தேன். இரண்டு சந்தேகம். விண்டேஜ் பதிவு என்று 2021-இல் வந்ததே, அதற்கு மாற வேண்டுமா? இன்னொன்று, பெட்ரோல் வாடை வண்டிக்குள் வருகிறது. ஹோஸைத் தொட்டால் பிசுபிசு என்று இருக்கிறது, மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

*

மேற்கு மாம்பலம், ஹெரால்டு மார்க் 3

தம்பி, அந்த ஹோஸோடு வண்டியை எடுக்காதே. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பர் அதில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். பம்ப் டயாஃப்ரமுக்கும் அதே கதி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்க்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தாதே. எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் தனியாகக் கிடைக்கிறது, விலை அதிகம்தான், வாங்கு. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகும் வண்டியில் சிக்கனம் பார்க்காதே.

பதிவு விஷயம்: 50 வருடம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அதில் பதிந்த வண்டியை ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் இந்த மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஓட்ட முடியாது. உன் தாத்தாவின் ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதையே புதுப்பித்துக்கொண்டு போ. நீ அந்த வண்டியில் ஆபீஸ் போகிறாய் என்று சொன்னாயே, அது நிற்கக் கூடாது. விண்டேஜுக்கு மாறினாலும் ஏற்கெனவே இருக்கிற நம்பரை வைத்துக்கொள்ளலாம், அந்தக் கவலை வேண்டாம்.

நம்பர் என்றதும் பேங்க் ஐயா ஞாபகம் வருகிறார். ஞாயிறு ஓட்டம் மவுண்ட் ரோடு வழியாக வரும்போது சிம்ப்சன் எதிரில் நிறுத்தச் சொல்வார். 1903-இல் அந்தக் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் செய்ததை ஒவ்வொரு புது உறுப்பினருக்கும் சொல்வார். எம்.சி. 1 என்ற நம்பர் துறைமுகத்தின் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது, ராமானுஜன் கணக்கு எழுதிய ஆபீஸின் தலைவர் அவர்தான் என்பார். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரை அசெம்பிள் செய்தது, 1955-இல் அதுவே லேலண்டு ஆனது, எல்லாம் வரும். டி. நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவில்லத்துக்கு எங்களைக் கூட்டிப்போய், அங்கே வைத்திருக்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசடர் முன்னால் பத்து நிமிஷம் பேசாமல் நின்றதும் அவர்தான். 2023-இல் ஏ.வி.எம். ஸ்டுடியோவில் கார்களை வைத்து மியூசியம் திறந்தபோது அவர் இல்லை. நாங்கள் மூன்று பேரும் போய் வந்தோம்.

திருவல்லிக்கேணி அம்மா எழுதியது சரி. அந்த அழைப்பிதழ்களில் பெயர் எழுதியவன் நான்தான். மன்னிக்க வேண்டும்.

நோட்டு இப்போது நான்காவது. முதல் நோட்டின் ஓரம் கரையான் அரித்திருக்கிறது, லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன். புதுப்பேட்டை வண்டியில் இன்னும் எடுக்காமல் இருப்பது கூரையும், இடது பின் கதவின் கைப்பிடியும்தான். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

தம்பி, ஞாயிறு ஆறரைக்கு நான் மடிப்பாக்கம் வருகிறேன். ஹோஸ் கொண்டுவருகிறேன், கிளாம்ப் நீ வாங்கி வை. பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுவிடாதே, அளவு பார்க்க வேண்டும்.