டீசால்டரிங்குக்கு எது வாங்கலாம்: சக்கரா, விக்கா, கன்னா?

மாடிரூம்_லேப்:
வணக்கம் எல்லாருக்கும். வீட்ல பொழுதுபோக்கா எலக்ட்ரானிக்ஸ் பண்றேன், பழைய ஆம்ப்ளிஃபயர், ரேடியோ போர்டெல்லாம் 25 வாட்ஸ் சால்டரிங் அயர்னும், உருகுன சால்டர (நாம லெட்டுன்னு சொல்றது) உறிஞ்சற கை பம்பு, அதான் சாதா அலுமினிய சக்கரும் வச்சே பிரிச்சு மாட்டிட்டு இருக்கேன், அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. இப்ப ஒரு பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு கைக்கு வந்திருக்கு, பிராசசர் பக்கத்துல இருக்கற கண்டன்சர் சிலது உப்பியிருக்கு, மாத்தணும். பிளஸ் கால் எப்படியோ வந்துடுது, ஆனா மைனஸ் கால்ல லெட்டு உருகவே மாட்டேங்குது, உருகுனாலும் சக்கர கிட்ட கொண்டு போறதுக்குள்ள இறுகிடுது. இதுக்கடுத்து 40 கால் ஐசி இருக்கற ரெண்டு பக்க போர்டு ஒண்ணும் வரிசையில நிக்குது. நல்ல சக்கரா பாத்து வாங்கறதா, லெட்ட உறிஞ்சற செம்புப் பின்னல் விக் வாங்கறதா, சூடான காத்து ஊதற ஹாட் ஏர் வாங்கறதா, இல்ல மோட்டார் வச்ச டீசால்டரிங் கன்னுக்கே போயிடறதா? சுமார் ஐயாயிரம் ரூபா செலவு பண்ணலாம்னு இருக்கேன். போர்டுல இருக்கற செம்புக் கோடும் (டிராக்), கால் ஒட்டற செம்புப் புள்ளியும் (பேடு) பிச்சிக்காம வரணும், அதுதான் எனக்கு முக்கியம்.

பழைய_ரேடியோ:
தம்பி, உங்களுக்கு குறைச்சல் சக்கர்ல இல்ல, சூட்டுல. மதர்போர்டு பொதுவா நாலு லேயர் இல்ல அதுக்கும் மேல, மைனஸ் கால் உள்ள இருக்கற கிரவுண்ட் லேயரோட சேர்ந்திருக்கு, போர்டு முழுக்க பரவியிருக்கற அந்த செம்புத் தகடு நீங்க குடுக்கற சூட்டையெல்லாம் இழுத்துக்கும். 25 வாட்ஸ் அயர்ன் அங்க தாக்குப்பிடிக்காது. பணத்துல பாதிக்கு மேல நல்ல டெம்பரேச்சர் கண்ட்ரோல் ஸ்டேஷனுக்கே போடுங்க, 60 வாட்ஸாவது இருக்கட்டும், அயர்ன் முனைல ஊசி பிட்ட எடுத்து வச்சிட்டு தட்டையா உளி மாதிரி இருக்கற பிட்ட போடுங்க, ஊசி பிட் கால்ல தொடற இடமே கொஞ்சம், சூடு எப்படி இறங்கும்.

இன்னொண்ணு. 2006 ஜூலைல ஐரோப்பாவுல எலக்ட்ரானிக்ஸ்ல ஈயத்தக் கட்டுப்படுத்தற ஆர்ஓஹெச்எஸ் சட்டம் அமலுக்கு வந்ததுக்கப்புறம் செஞ்ச போர்டுன்னா பெரும்பாலும் ஈயம் இல்லாத லெட்-ஃப்ரீ சால்டர் தான் போட்டிருப்பான். 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்த நம்ம 63/37 லெட்டு 183 டிகிரில உருகிடும், லெட்-ஃப்ரீ 217ல இருந்து 227 வரைக்கும் கேக்கும். அதனால பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கால்லயும் கொஞ்சம் ஃபிளக்ஸ் பேஸ்ட் (லெட்டு நல்லா ஒட்டி ஓட உதவறது) தடவி புதுசா 63/37 லெட்ட ஏத்துங்க. எடுக்கணும்னு உக்காந்துட்டு மேல ஏத்த சொல்றாரேன்னு தோணும், ஆனா ரெண்டும் கலந்தா உருகற சூடு இறங்கும், பிட்டுக்கும் காலுக்கும் நடுவுல சூடு பாய வழியும் கிடைக்கும். ஓட்டைல அடி வரைக்கும் உருகறது அப்பதான் நடக்கும். அதுக்கு முன்னாடி கண்டன்சர பிடிச்சு ஆட்டாதீங்க, இழுக்காதீங்க. ஓட்டைக்குள்ள மெல்லிசா செம்புக் குழா மாதிரி பூச்சு இருக்கு, அது காலோட சேந்து வந்துடுச்சுன்னா உள் லேயர் கனெக்ஷன் போச்சு, வெளியில இருந்து ஜம்பர் போட்டு சரி பண்றது பெரும்பாடு.

சர்வீஸ்_பெஞ்ச்:
மேல சொன்னது அத்தனையும் சரி. சக்கர் பத்தி மட்டும் நான் சேத்துக்கறேன். சாதா சக்கரோட மூக்கு டெஃப்லான்ல கெட்டியா இருக்கும், அயர்ன் பிட் கால்மேல இருக்கறப்ப பக்கத்துல ஒழுங்கா உக்காராது, சந்துல காத்து புகுந்துடும், அதான் இழுவை பத்தாம போகுது. ஜப்பான் இஞ்சினியர் கம்பெனியோட எஸ்எஸ்-02னு ஒரு சின்ன சக்கர் இருக்கு, மூக்குல சிலிகான் டியூப் போட்டிருப்பான், அத பிட்டு மேலேயே சாய்ச்சு கவிழ்த்து வச்சுக்கலாம், கருகாது. அயர்ன எடுக்காமலே பட்டன அழுத்தலாம், நீங்க சொன்ன "வைக்கறதுக்குள்ள இறுகிடுது" அங்கேயே தீந்துது. விலை சாதா சக்கர விட பல மடங்கு, ஆனா டியூப் தேஞ்சா அத மட்டும் வெட்டி மாத்திக்கலாம். அந்த விலை வேணாம்னா இருக்கற சக்கர் மூக்குலயே சூடு தாங்கற சிலிகான் டியூப் துண்டு சொருகிப் பாருங்க, நல்லாவே வேலை செய்யுது. அப்பப்ப திறந்து தூள கொட்டிட்டு ஓ-ரிங்குக்கு லேசா சிலிகான் கிரீஸ் போடுங்க, பாதிப் பேர் சக்கர் வீக்குன்னு தூக்கிப் போடறது இந்த ரிங் காஞ்சு போனதுக்குத்தான். உள்ள இருக்கற தூள்ல ஈயம் இருக்கு, ஊதித் தள்ளாதீங்க, கொட்டுன கையோட சோப்பு போட்டு கை கழுவிடுங்க.

பிட்_மாத்துறவன்:
விக்க யாரும் சரியா சொல்லலியே. சக்கர் உதைக்கற உதைல சின்ன பேடெல்லாம் அடிபடும், விக்ல அந்த பயம் இல்ல, ஓட்டை இல்லாம போர்டு மேலேயே ஒட்டற எஸ்எம்டி ஐசியோட கால் ரெண்டு ஒட்டிக்கிச்சுன்னா அத பிரிக்க விக்க விட நல்லது எதுவும் இல்ல. ஆனா ஆன்லைன்ல வர்ற ரொம்ப சீப்பான விக்ல ஃபிளக்ஸே இருக்காது, செம்பும் கருத்துப் போயிருக்கும், மணிக்கணக்கா சூடு காட்டுனாலும் ஒரு சொட்டு உறிஞ்சாது, அதப் பாத்துட்டு விக்கே வேஸ்ட்னு சொல்றவங்க நிறைய. கூட் கம்பெனி மாதிரி நல்ல விக்கா வாங்கி, மேல கொஞ்சம் ரோசின் ஃபிளக்ஸும் தடவுங்க. பேடு மேல விக், விக்கு மேல பிட், லேசா அழுத்தி வெயிட் பண்ணுங்க, செம்பு வெள்ளி நிறமா மாறறது கண்ணுக்குத் தெரியும், உடனே விக்கும் பிட்டும் சேத்தே தூக்கணும். பிட்ட முதல்ல எடுத்தா விக் பேடோட ஒட்டிக்கும், அத இழுத்தா பேடே கையோட வரும். தேய்க்கவும் கூடாது. நிறைஞ்ச துண்ட அப்பப்ப வெட்டிடுங்க. ஆனா மதர்போர்டு கிரவுண்ட் ஓட்டைய விக்க மட்டும் வச்சு காலி பண்றது கஷ்டம், விக்கும் செம்பு தானே, அதுவும் தன் பங்குக்கு சூட்ட இழுக்கும்.

நாற்பது_கால்:
நான் பழைய கம்ப்யூட்டர் போர்டு தான் பாக்கறேன், 40 கால் ஐசி நிறைய வரும், அதனால கன் வச்சிருக்கேன். ஹேக்கோ எஃப்ஆர்-301 மாதிரி பம்பு கைப்பிடிக்குள்ளேயே இருக்கற கன், இல்லாட்டி இசட்டி-915 மாதிரி தனி ஸ்டேஷன், ரெண்டுலயும் வேலை ஒண்ணு தான், நுனியில ஓட்டை இருக்கற சூடான மூக்கு, கால் அதுக்குள்ள போகும். லெட்டு உருகுனதும் மூக்க மெல்ல வட்டமா சுத்துங்க, கால் ஓட்டைக்குள்ள ஆடறது கைல தெரியும், அப்ப டிரிக்கர அழுத்தி, சுத்தறத நிறுத்தாம காத்த இழுக்க விடுங்க, கால் ஆறும்போது ஓட்டையோட சுவத்துல ஒட்டாது. இப்படி எடுத்தா ஐசி தானா கழண்டு விழும். ஆனா பராமரிப்பு உண்டு, ஒவ்வொரு தடவையும் மூடறதுக்கு முன்னாடி மூக்குக்குள்ள கம்பி விட்டு சுத்தம் பண்ணணும், ஃபில்டர் மாத்தணும், இல்லேன்னா அடைச்சுக்கும். உங்க பட்ஜெட்ல நல்ல கன் வராது, ஒரு மதர்போர்டுக்கும் ஒரு ஐசிக்கும் அவ்வளவு செலவும் தேவையில்ல.

ஹாட் ஏர் வேணவே வேணாம் இதுக்கு. எஸ்எம்டிக்கு அது அருமை, ஓட்டைல மாட்டுன கண்டன்சருக்குக் காட்டுனா பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் கனெக்டர் உருகும், நல்ல கண்டன்சரும் சேந்து போகும். வேணும்னா தூரத்துல வச்சு போர்ட லேசா சூடேத்தி விட்டுக்கலாம், மைனஸ் கால் அதுல சுலபமாகும்.

ஐசி செத்ததுதானா? அப்படின்னா காப்பாத்த நினைக்காதீங்க. கால ஐசி உடம்பு ஓரமா கட்டர்ல வெட்டுங்க, ஒவ்வொரு காலா சூடு காட்டி ட்வீசர்ல எடுங்க. ஐசி விலையா போர்டு விலையான்னா போர்டு தான்.

மாடிரூம்_லேப்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஐசி நல்லாத்தான் இருக்குன்னு நினைக்கறேன், ராம்ல தான் சந்தேகம், அதனால அத இப்போதைக்கு தொடல. ஸ்டேஷன், 63/37 லெட்டு, சிலிகான் டியூப், விக் இந்த வாரம் வாங்கிடறேன். பிஸ்மத் கலந்த அந்த சீக்கிரம் உருகற லெட்டு இருக்கே, சிப் குயிக், அது இதுக்கு உதவுமா? அப்பறம் கண்டன்சர எடுத்தப்பறம் ஓட்டைல லெட்டு மிச்சம் இருந்தா டிரில் போடலாமா?

பழைய_ரேடியோ:
டிரில் போடவே கூடாது தம்பி, செம்புக் குழாய அதுவே அறுத்துடும். ஓட்டைய திரும்ப லெட்டால நிரப்பி, ஒரு பக்கம் அயர்ன், மறுபக்கம் சக்கர் வச்சு இழுங்க, முழுசா உருகுனதும் ஒரே இழுப்புல வரும். அப்பவும் வரலேன்னா கடைல உள்ள ஓட்டை இருக்கற ஸ்டீல் ஊசி செட்டா கிடைக்கும், ஸ்டீல்ல லெட்டு ஒட்டாது, உருகியிருக்கும்போது உள்ள விட்டு ஆறற வரைக்கும் திருப்பிட்டே இருங்க.

சிப் குயிக் 58 டிகிரி கிட்டயே உருகும், எஸ்எம்டி ஐசிய ஹாட் ஏர் இல்லாம எடுக்க நல்லது. விலை ஜாஸ்தி, கண்டன்சருக்கு வேணாம். எதுக்கு போட்டாலும் விக் வச்சு சுத்தமா துடைச்சிட்டுத்தான் புதுப் பார்ட்ஸ் வைக்கணும், அது மிச்சம் இருந்தா ஜாயிண்ட் பலவீனமாயிடும், சூட்டுல இளகியே போகலாம்.

சர்வீஸ்_பெஞ்ச்:
இத படிச்சிட்டு வேற யாராவது எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸ் கரண்ட்ல ஓடற பவர் சப்ளை) போர்டுல கண்டன்சர் எடுக்கக் கிளம்புனா ஒண்ணு சொல்லிக்கறேன். கரண்ட புடுங்குனப்பறமும் மெயின்ஸ் பக்கத்து பெரிய கண்டன்சர்ல 320 வோல்ட்ஸ் கிட்ட டிசி நிக்கலாம். மீட்டர் வச்சு பாருங்க, இருந்தா வாட்டேஜ் ஜாஸ்தியான ரெசிஸ்டர் வச்சு இறக்குங்க, ஸ்க்ரூடிரைவர்ல ஷார்ட் பண்ணாதீங்க. மீட்டர் பூஜ்யம் கிட்ட காட்டுனப்பறம் அயர்ன கைல எடுங்க.