புதுப்பிப்பு: தங்கச்சி மகனுக்கு ஷண்ட் வைத்தாயிற்று

பிறவியிலேயே மூளைக்குள் நீர் தேங்கிய தங்கச்சி மகனைப் பற்றி முன்பு எழுதி, இது ஏன் வருகிறது, ஷண்டை (மூளையில் தேங்கும் நீரை உடலின் வேறு இடத்துக்கு வடிக்கும் குழாயை) விட்டால் வேறு வழி உண்டா என்று கேட்டிருந்தேன். கொழும்பு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் ஷண்ட் வைத்தாயிற்று. நன்றாகப் பால் குடிக்கிறான்.

நீர் போகும் பாதை அடைபடுவதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால் 2018இலும் 2020இலும் வெளியான மரபணு ஆய்வுகள், சில பிள்ளைகளில் கருவிலேயே மூளையின் ஆதார செல்கள் (மற்ற மூளை செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) வளரும் விதம் மாறிவிடுகிறது என்கின்றன. அந்த மரபணு மாற்றங்களில் பல, பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையில் புதிதாக வந்தவை. கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாய், இதைச் செய்தாய் என்று தங்கச்சியைக் குடைந்த சொந்தக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நீரை வடித்தால் மட்டும் போதாது, வளர்ச்சியையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதும் இதனால்தான் புரிந்தது.

அப்புறம், சிலர் சொன்ன எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) வழி: மூளைக்குள்ளேயே நீருக்கு மாற்றுத் துளை போடுவது. கைக்குழந்தைகளில் துளை மட்டும் போட்டால் பல நேரம் பலிப்பதில்லை. உகாண்டாவில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப், நீர் சுரக்கும் திசுவைச் சுடுவதையும் அதோடு சேர்த்தார். தொற்றுக்குப் பின் நீர் தேங்கிய 100 குழந்தைகளை வைத்து அங்கே நடந்த ஒப்பீடு 2017இல் வெளியானது. ஒரு வருடத்தில் அறிவு வளர்ச்சியில் ஷண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஷண்ட் அடைபடலாம், கிருமி தொற்றலாம். வாந்தி, காய்ச்சல், அசாதாரணத் தூக்கம், உச்சிக்குழி புடைப்பு, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.