ஒர்லாண்டோ டிஸ்னில கல்யாண நாளுக்கு நாங்க ரெண்டு பேர் மட்டும் சாப்பிட எந்த ரெஸ்டாரண்ட் நல்லாருக்கும்?

மண்டபம் ஐஸ் கம்பெனி

எல்லாருக்கும் வணக்கம். நான் மண்டபத்துல ஐஸ் கம்பெனி நடத்துறேன், போட்டு போற காலத்துல ஊர விட்டு நகர முடியாது, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் வருதுல்ல அப்பத்தான் எங்களுக்கு வெளியூர் எல்லாம். இந்தத் தடவ மச்சினன் ஃப்ளோரிடால டாம்பாங்குற ஊர்ல இருந்து டிக்கெட் போட்டுத் தரேங்குறான், பிள்ளைங்களயும் கூட்டிட்டு குடும்பத்தோட போறோம். டிஸ்னிக்கு பிள்ளைங்களோட போறது தனி, அத மச்சினனே பாத்துக்குறான். நான் கேக்குறது மே 20 எங்க கல்யாண நாள், அன்னிக்கு சாயங்காலம் பிள்ளைங்கள மச்சினன் வீட்ல விட்டுட்டு நாங்க ரெண்டு பேர் மட்டும் டிஸ்னிக்குப் போய் ஒரு நல்ல எடத்துல உக்காந்து சாப்பிடணும்.

கூட்டுக் குடும்பம், கல்யாணம் ஆனதுல இருந்து தனியா உக்காந்து நிதானமா பேசிக்கிட்டே சாப்பிட்டோம்னு ஒரு நாள் கூட கிடையாது. வீட்லயும் அவ எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியாத்தான் உக்காருவா. அதனால அன்னிக்கு அவளுக்கு யாராவது பரிமாறணும், அவ உக்காந்து சாப்பிடணும், அதத்தான் நான் நெனச்சிட்டு இருக்கேன்.

அவ மாடு, பன்னி சாப்பிட மாட்டா. மீன், எறா, கோழி ஓகே. யூட்யூப்ல அந்தக் கோட்டைக்குள்ளயே இருக்குற ரெஸ்டாரண்ட பாத்துட்டு அங்க போலாமானு கேக்குறா. பட்ஜெட் ரெண்டு பேருக்கும் சேத்து 250 டாலர். போனவங்க, அங்க இருக்குறவங்க சொல்லுங்க.

தங்கச்சிமடம் பொண்ணு

அண்ணே வணக்கம், நான் தங்கச்சிமடம்தான், இப்ப ஒர்லாண்டோல நர்ஸ் வேலை பாக்குறேன். மதினி உக்காந்து சாப்பிடணும்னு எழுதுனீங்க பாருங்க, அதப் படிச்சதும்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கோட்டைக்குள்ள இருக்குறது சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள். பிள்ளைங்களோட போனா ரொம்ப சந்தோஷமா இருக்கும், சிண்ட்ரெல்லா வேஷத்துல வந்து போட்டோ எடுத்துப்பாங்க. ஆனா ரெண்டு பேர் மட்டும் பேசிக்கிட்டு சாப்பிடுற எடம் அது இல்ல, சுத்தி எல்லா டேபிள்லயும் சின்னப் பிள்ளைங்கதான். அதுபோக அது மேஜிக் கிங்டம் பார்க்குக்கு உள்ள இருக்கு, சாப்பிடப் போறதுக்கே ஆளுக்கு 100 டாலருக்கு மேல பார்க் டிக்கெட் எடுக்கணும். அத பிள்ளைங்களோட போற நாள்ல வச்சுக்கங்க.

கல்யாண நாளுக்கு பார்க்குக்கு வெளிய, டிஸ்னியோட ரிசார்ட் ஹோட்டல்கள்ல இருக்குற ரெஸ்டாரண்டுக்குப் போங்க. அங்க ரூம் போட்டிருக்கணும்னு அவசியமில்ல, பார்க் டிக்கெட்டும் வேணாம், டேபிள் புக் பண்ணிருந்தா கேட்ல சொன்னாப் போதும் கார் பார்க்கிங்குக்கும் காசு வாங்க மாட்டாங்க. நிறைய பேருக்கு இது தெரியாம பார்க்குக்குள்ளயே அலையுறாங்க.

என்னோட முதல் சாய்ஸ் கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டல்ல இருக்குற நார்கூசீஸ். தண்ணி ஓரமாவே கட்டிருப்பாங்க, செவன் சீஸ் லகூன்னு பெரிய ஏரி, மனுஷன் வெட்டுனது. மீன், எறா, சிங்கி எறால் எல்லாம் கிடைக்கும். எதிர்க்கரைல கோட்டை தெரியும், ராத்திரி வாணவேடிக்கை விடும்போது சாப்பாட்ட அப்படியே வச்சிட்டு வெளி வராண்டாவுல வந்து நின்னு பாக்கலாம். அதுபோக லைட்டாலயே மீன், ஆமை, கடல்பாம்புனு உருவம் செஞ்சு மெதப்புல கட்டி ஏரில இழுத்துட்டு வருவாங்க, 1971ல டிஸ்னி வேர்ல்ட் தொறந்த வருஷத்துல இருந்து விடுறாங்க, காத்து மழை இல்லாட்டி ராத்திரி அதுவும் வரும். நம்ம கடக்கரை ஆளுங்களுக்கு அது மனசுக்கு ரொம்ப புடிக்கும்ணே, நான் பாக்கும்போது எங்க அம்மாவக் கூட்டிட்டு வரணும்னுதான் நெனச்சேன்.

ரெண்டாவது கான்டெம்பரரி ஹோட்டலோட 15வது மாடில இருக்குற கலிபோர்னியா கிரில். மேல இருந்து மேஜிக் கிங்டம் முழுசா தெரியும், வாணவேடிக்கை நேரத்துல மொட்டைமாடி மாதிரி ஒரு எடத்துக்கு விடுவாங்க. ஆனா அங்க முதல் ஐட்டம், மெயின், இனிப்புனு மூணு கோர்ஸ் சேத்து ஃபிக்ஸட் விலை, ஆளுக்கு 90 டாலர் பக்கம், ஏறிக்கிட்டே இருக்கும், டிஸ்னியோட ஆப்ல பாத்துக்கங்க. கொஞ்சம் சத்தமான எடம், எனக்கு அதுதான் குறை.

புக்கிங் ரொம்ப முக்கியம். 60 நாளைக்கு முன்னாடி இந்த ஊர் காலை 6 மணிக்கு ஓப்பன் ஆகும். மே 20க்கு கணக்குப் பண்ணா மார்ச் 21, நம்ம ஊர்ல அப்ப மத்தியானம் 3.30. போனோட ரெடியா உக்காருங்க. ரிசார்ட்ல தங்குறவங்க இன்னும் சில நாள் முன்னாடியே போட்டுருவாங்க, அதனால நல்ல நேரம் எல்லாம் சீக்கிரம் போயிரும். கிடைக்கலனா மனசு விட்டுறாதீங்க, முந்தின நாள் நிறைய பேர் கேன்சல் பண்ணுவாங்க, ஆப்ப அப்பப்ப பாத்துக்கிட்டே இருங்க.

மே 20 வாக்குல இங்க சூரியன் மறைய 8 மணி தாண்டிரும். 7.30க்கு டேபிள் போட்டா வெளிச்சத்துலயும் பாப்பீங்க, இருட்டுன பெறகும் பாப்பீங்க.

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, நாங்க மகன் வீட்டுக்குப் போயிருந்தப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம், அதனால சாப்பாட்டு விஷயம் மட்டும் நான் சொல்றேன். தங்கச்சிமடம் புள்ள சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒண்ணு யோசிங்க, நம்ம வீட்ல தினமும் மீனு. களவா, நண்டு, எறானு கரைல வந்து எறங்குறத அன்னிக்கே ஆக்கித் திங்குறவங்க நாம. அங்க போயி அம்புட்டு காசு குடுத்து உப்பு ஒறப்பு இல்லாத மீன எதுக்குத் திங்கணும்? உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட கேட்டுக்கங்க.

எங்களுக்கு மனசுக்கு ஒத்தது டிஸ்னியோட அனிமல் கிங்டம் லாட்ஜ்ங்குற ஹோட்டல்ல, கிடானி வில்லேஜ் பக்கம் இருக்குற சனா ரெஸ்டாரண்ட். ஆப்பிரிக்கா சமையல்ல நம்ம நாட்டு மசாலா கலந்தது. பிரட் சர்வீஸ்னு ஒண்ணு வரும், நான் ரொட்டி, வெங்காய குல்ச்சா, பன்னீர் பரோட்டா, தொட்டுக்க 9 வகை, புளிச் சட்னில இருந்து மாங்காச் சட்னி வரைக்கும். அதுவே ரெண்டு பேருக்கு பாதி வயிறு ரொம்பிரும். விலையும் மத்த எடத்த விட ரொம்பக் கம்மி. ஜன்னலுக்கு வெளிய புல்வெளி, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி மேயுது. எங்க வீட்டுக்காரர் அப்படி அமைதியா உக்காந்து நான் பார்த்ததே இல்ல, என்கிட்ட நிறைய பேசுனாரு அன்னிக்கு.

ஆனா இருட்டுனா ஒண்ணும் தெரியாது. 5 மணி, 5.30னு போயி வெளிச்சத்துலயே சாப்பிடணும், ஜன்னல் ஓர டேபிள் வேணும்னு போன உடனே கேளுங்க, கொஞ்ச நேரம் காக்க வச்சாலும் காத்திருங்க.

எங்க போனாலும் பன்னி வேணாம், மாடு வேணாம், ஒயின் ஊத்துன சாஸ் வேணாம்னு உக்காந்த உடனே சொல்லிருங்க. ஐட்டம் பேர மட்டும் பாத்து ஆர்டர் பண்ணக் கூடாது, மீன் மேலயே பன்னிக் கறிய பொடிசா வெட்டிப் போட்டுத் தருவாங்க சில எடத்துல. மெனுல எல போட்ட அடையாளம் இருந்தா அது கறி, பால், முட்டை எதுவும் சேராதது.

மண்டபம் ஐஸ் கம்பெனி

தங்கச்சி, லாத்தா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அவகிட்ட படிச்சுக் காட்டுனேன். மீன் பத்தி லாத்தா சொன்னதுக்கு சிரிச்சா, ஆனா தண்ணி ஓரமா ராத்திரி லைட்டு வரும்னதும் அங்கதான் போகணும்ங்குறா. இன்னும் சில சந்தேகம். அவளுக்கு கல்யாணப் பட்டு கட்டிக்க ஆசை, கட்டலாமா? நான் என்ன போடணும்? டிப்ஸ் எவ்வளவு வைக்கணும், 250குள்ள முடியுமா? அப்புறம் அதே ஹோட்டல்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்னு ஒண்ணு ரொம்ப பெருசா சொல்றாங்களே?

ஏர்வாடி கப்பல்காரன்

அண்ணே, நான் ஃப்ளோரிடால இருந்து கிளம்புற சொகுசுக் கப்பல்ல சர்வீஸ்ல இருந்தவன், ஊர் ஏர்வாடி. சாப்பாடு போடுற பக்கத்துல இருந்து சொல்றேன்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ், ரொம்ப நல்ல ரெஸ்டாரண்டுகளுக்குக் குடுக்குற மிச்செலின் ஸ்டார் வாங்குன எடம், 2024ல குடுத்தாங்க. ஆளுக்கே 300 டாலர் பக்கம் ஆரம்பிக்கும், கோட்டு போடணும், 10 வயசுக்குக் கீழ பிள்ளைங்கள விட மாட்டாங்க. சமையல தொழிலா எடுத்துக்கிட்டவங்க ஆசப்பட்டு போற எடம் அது. ஒவ்வொரு தட்டுலயும் என்ன இருக்குனு நின்னு விளக்குவாங்க, மதினியோட பேசணும்னு போற உங்களுக்கு அது தேவையில்ல.

நார்கூசீஸ்ல கோட்டு வேணாம். நல்ல சட்ட, பேண்ட் போதும், கிழிஞ்ச ஜீன்ஸ், கையில்லாத பனியன், நீச்சல் டிரஸ் போட்டா விட மாட்டாங்க அவ்வளவுதான். பட்டு தாராளமா கட்டலாம்.

கணக்கு சொல்றேன். மெனுல இருக்குற விலைல வரி சேராது, அங்க 6.5 சதவீதம் மேல போடுவாங்க. டிப்ஸ் 18ல இருந்து 20 சதவீதம், அது சர்வர் பொழப்பு, அடிப்படை சம்பளம் கம்மி, அதனால கொறைக்காதீங்க. 200 டாலருக்கு சாப்பிட்டீங்கனா வரி 13, டிப்ஸ் 36ல இருந்து 40. கிட்டத்தட்ட 250 வந்துரும். அதனால சாப்பாட 200குள்ள நிறுத்துங்க, ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெயின், முதல்ல வர்ற சின்ன ஐட்டம் ஒண்ணு, இனிப்பு ஒண்ணு பகிர்ந்துக்கிட்டா கணக்குக்குள்ள நிக்கும்.

இப்ப முக்கியமானது. அமெரிக்கால சாப்பாடு வேகமா வரும், இனிப்பு முடிஞ்ச உடனே பில்ல வச்சிருவாங்க, அது நம்மள எந்திரினு சொல்றது இல்ல, அங்க பழக்கம் அப்படி. ஆனா நம்ம ஆளுங்க பில்லு வந்த உடனே அவசர அவசரமா எந்திரிச்சிருவாங்க. உக்காந்த உடனே சர்வர்கிட்ட இன்னிக்கு எங்க கல்யாண நாள், அவசரம் இல்ல, மெதுவா கொண்டாங்கனு சொல்லுங்க. எல்லாத்தையும் ஒரே தடவைல ஆர்டர் பண்ணாதீங்க, முதல்ல சின்ன ஐட்டம் மட்டும் சொல்லுங்க, அது முடிஞ்ச பெறகு மெயின் சொல்லுங்க. நாங்க சர்வீஸ்ல இருக்கும்போது இப்படி சொல்ற டேபிளுக்கு ரொம்ப சந்தோஷமா பண்ணுவோம், எதிர்பார்ப்பு என்னானு தெரிஞ்சிருது பாருங்க. புக் பண்ணும்போதே ஆப்ல கல்யாண நாள்னு குறிக்க எடம் இருக்கும், அதையும் போட்டுருங்க.

தங்கச்சிமடம் பொண்ணு

ஏர்வாடி அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்குறேன். வாணவேடிக்கை நேரம் தினமும் மாறும், அந்த வாரம் ஆப்ல பாத்துட்டு டேபிள் நேரத்த ஒத்து வர்ற மாதிரி மாத்தப் பாருங்க. வரமுடியலனா 2 மணி நேரத்துக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிருங்க, இல்லாட்டி ஆளுக்கு 10 டாலர் எடுத்துருவாங்க.

டாம்பால இருந்து ஐ-4 ரோட்டுல ஒண்ணரை மணி நேரம்னு மேப் காட்டும், சாயங்காலம் அப்படி வர முடியாது, 4 மணிக்கே கிளம்பிருங்க. சீக்கிரம் வந்துட்டா ஹோட்டல் லாபில உக்காருங்க, பியானோ வாசிப்பாங்க, சுத்திப் பாக்கவே அழகா இருக்கும், மதினி பட்டுல நிறைய போட்டோ எடுத்துக்கங்க. மே கடைசில மத்தியானம் இடி மழை சகஜம், அரை மணி ஒரு மணில விட்டுரும், அதுக்காக கேன்சல் பண்ணிறாதீங்க. கரைல மணல் இருக்கும், ஆனா தண்ணில கால் வைக்கக் கூடாது, முதலை எச்சரிக்கை போர்டு வச்சிருக்காங்க, சும்மா வச்சது இல்ல. நம்ம ஊர்க்காரங்க தண்ணியப் பாத்தா எறங்கிருவாங்க, அதான் சொல்றேன்.

மண்டபம் ஐஸ் கம்பெனி

முடிவு பண்ணிட்டோம். மே 20 ராத்திரி நார்கூசீஸ், மார்ச் 21 மத்தியானம் 3.30க்கு நானும் மச்சினனும் ரெண்டு போன்லயும் உக்காருறோம். கிடைக்கலனா கலிபோர்னியா கிரில் பாப்போம். லாத்தா சொன்ன சனாவுக்கு பிள்ளைங்களயும் கூட்டிட்டு ஒரு மத்தியானம் போறோம், ஒட்டகச்சிவிங்கி பாத்தா சின்னவன் எந்திரிக்க மாட்டான். கோட்டைக்கும் அவங்களோடதான். மெனுல என்ன ஆர்டர் பண்ணணும்னு அவளே பாத்து சொல்லட்டும்னு ஆப்ப அவ போன்ல ஏத்திக் குடுத்துட்டேன், இப்பவே உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சிட்டு இருக்கா.

கீழக்கரை லாத்தா

மாஷா அல்லாஹ், நல்ல முடிவு தம்பி. உள்ள ஏசி குளிரும், பொண்ணுக்கு ஒரு சால்வை எடுத்துக்கச் சொல்லுங்க.